குளிரில் கீச்சிடும் கார்

டிசம்பர் 2, திங்கள்

எங்கள் கார் கத்துகிறது. எனக்குக் கேட்டது!

விடியற்காலையில் பேக்கரி வேலைக்குக் கிளம்பினேன். முன்கண்ணாடி முழுக்க உறைபனி. சுரண்டிவிட்டு வண்டியை எடுத்து, தெருமுனை வேகத்தடையில் ஏற்றினேன். 'கீச்' என்றது. இறக்கினேன். மறுபடி 'கீச்'. எலி ஏதோ சக்கரத்தில் மாட்டிக்கொண்டது என்று பயந்துபோய் ஓரமாக நிறுத்தி, கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து தேடினேன். எலியும் இல்லை, எலிவாலும் இல்லை. பேக்கரி வாசல் மேட்டில் ஏறும்போது அதே சத்தம். அப்போதுதான் உறைத்தது, கத்துவது கார்தான்.

இந்தக் காரை ஏழு வருஷமாக ஓட்டுகிறேன். அது வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. காது மெஷின் வைத்து இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் என்னென்ன கேட்டுவிட்டேன்! ஃபிரிட்ஜ் முனகுகிறது. என் செருப்பு தரையில் இழுபடுகிறது. வாத்தியார் — என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார் — சாப்பிடும்போது அவர் தாடை 'டக் டக்' என்கிறது. அதை அவரிடமே சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

டிசம்பர் 3

கார் சத்தத்தைப் பற்றி வாத்தியாரிடம் சொன்னேன். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னையும் ஏற்றிக்கொண்டு கடைத்தெரு வரை ஓட்டிப் பார்த்தார். வழியில் இருந்த வேகத்தடைகளில் எல்லாம் நிதானமாக ஏறி இறங்கினார்.

"ஒண்ணும் இல்லையே. பஞ்சு மாதிரி போகுது."

உண்மைதான். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"உனக்குக் காது புதுசு. கொஞ்ச நாளைக்கு எல்லாமே சத்தமாத்தான் இருக்கும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எரிந்து விழுந்திருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

டிசம்பர் 5

இன்றைக்கும் கீச்! வேண்டுமென்றே வேகத்தடை இருக்கிற தெருவாகப் பார்த்துச் சுற்றிப் போனேன். ஒவ்வொன்றிலும் கத்தியது. வேலைக்குத் தாமதம். போகட்டும்.

டிசம்பர் 7, சனி

வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் மெக்கானிக்கிடம் போனோம். அதற்குள் நல்ல வெயில் ஏறிவிட்டது. மெக்கானிக் முன்பக்கத்தை அமுக்கினார், பின்பக்கத்தை அமுக்கினார், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். வண்டி மூச்சுவிடவில்லை. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற குழந்தை மாதிரி சமர்த்தாக நின்றது.

மெக்கானிக் நல்ல மனுஷன்தான். ஆனால் என்னிடம் கேட்க வேண்டியதை எல்லாம் வாத்தியாரைப் பார்த்தே கேட்டார்.

"அக்காவுக்கு எந்தப் பக்கம் கேக்குதாம் சார்?"

நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். "முன்பக்கம்" என்றேன்.

வாத்தியார் அவரிடம், "முன்பக்கமாம்" என்றார்.

மாதக் கடைசியில் மலை தாண்டிப் போகிறோம், மகனைப் பார்க்க. அவன் காலேஜ் அந்தப் பக்கம். வழி முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். வண்டிக்கு என்ன குறை என்றே தெரியாமல் எப்படிப் போவது என்று வாத்தியாரிடம் கேட்டேன். "குறை இருந்தாத்தானே" என்றார்.

டிசம்பர் 9

கைப்பேசியில் பதிவு செய்துவிட்டேன்! வண்டியை விட்டு இறங்கியதும் நேரே மாடிக்கு ஓடினேன். மாடியில் நாத்தனார் இருக்கிறார், வாத்தியாரின் அக்கா. கைப்பேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி, பாட்டுக் கேட்பது போலத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"ஹீட்டர் நல்லா வேலை செய்யுது" என்றார்.

பதிவு முழுக்க ஹீட்டர் காற்றின் இரைச்சல். அதை அணைத்துவிட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றவில்லை பார், மண்டு.

வாத்தியார் விஷயம் கேட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, நாளைக்குத் தானே காலையில் என்னோடு வருவதாகச் சொன்னார். வரட்டும்! காதாரக் கேட்கட்டும்.

டிசம்பர் 10

ராத்திரி முழுக்க மழையாம். தூங்கும்போது மெஷினைக் கழற்றி வைத்துவிடுகிறேன், எனக்கு எங்கே தெரியும்? காலையில் தெருவெல்லாம் தண்ணீர். வாத்தியார் ஸ்வெட்டர், அதன் மேல் கோட்டு, கழுத்தில் மஃப்ளர் என்று மூட்டை மாதிரி வந்து உட்கார்ந்தார்.

வேகத்தடை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினேன்.

ஒன்றும் இல்லை.

அடுத்தது. ஒன்றும் இல்லை. பேக்கரி வாசல் மேடு. அதிலும் இல்லை.

இறங்கும்போது அவர், "மெஷினை ஒரு தடவை காட்டிட்டு வந்துடுவோமா?" என்றார். பிறகு மழையில் நடந்துபோய் பஸ் பிடித்தார்.

நாள் முழுக்க மாவைப் போட்டு அறைந்துகொண்டிருந்தேன். நிஜமாகவே இல்லாத சத்தமா? இத்தனை நாள் கேட்டது என்ன? நான் கற்பனையில் கேட்டேனா?

டிசம்பர் 12

காதுக்கார அம்மாவிடம் போனோம். மெஷின் வைத்துவிட்டவர் அவர்தான். பொறுமைசாலி. என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். கணினியில் ஏதேதோ தட்டிப் பார்த்துவிட்டு, மெஷினில் கோளாறு இல்லை என்றார். ஆனாலும் புதிதாகக் கேட்கிறவர்களுக்குக் கூர்மையான சத்தங்கள் தொந்தரவாக இருக்குமாம். அவற்றை மட்டும் இறக்கி வைத்தார்.

வெளியே வந்தால் உலகத்துக்கே மஃப்ளர் சுற்றிவிட்டது போல இருந்தது. வாத்தியார் "இப்ப எப்படி இருக்கு?" என்றார். நல்லா இருக்கு என்று சொல்லிவைத்தேன்.

டிசம்பர் 13

கார் கத்தவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

டிசம்பர் 15, ஞாயிறு

இப்போதே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

பேக்கரியில் மாவு பிசையும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தொட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. காலையில் முதல் ஓட்டத்தில் மேஜை அதிரும். வழக்கம்போல ஈரத் துணியால் அந்த ரப்பரைத் துடைத்தேன். அதிர்வு நின்றது. இதைப் பல வருஷமாகச் செய்கிறேன், ஒருநாளும் ஏன் என்று யோசித்ததில்லை.

கையில் ஈரத் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

ஈரம்! அன்றைக்கு மழை. மெக்கானிக் பார்த்தபோது வெயில். வாத்தியார் ஓட்டியபோதும் வெயில். நான் கேட்டதெல்லாம் காய்ந்த குளிர்க் காலை. சத்தம் என் காதில் இருந்தால் அதற்கு வெயில் என்ன, மழை என்ன? வெயிலிலும் கேட்டிருக்க வேண்டுமே!

மூன்று நாளாகக் கார் கத்தவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். கத்திக்கொண்டேதான் இருந்திருக்கும். என் காதைத்தான் மூடிவிட்டோம்.

டிசம்பர் 16

யாரிடமும் சொல்லாமல், வேலை முடிந்ததும் நேரே காதுக்கார அம்மாவிடம் போனேன். இறக்கியதை ஏற்றிவிடச் சொன்னேன்.

"தொந்தரவா இருக்குமே" என்றார்.

"இருக்கட்டும் மேடம். அந்தத் தொந்தரவு எனக்கு வேணும்."

காரின் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். அடுத்து உட்கார்ந்திருந்த ஆள் கடிகாரத்தைப் பார்க்கும் அளவுக்குக் கேட்டார். பிறகு மெஷினில் இரண்டு விதமாக வைத்துக் கொடுத்தார். பொத்தானை ஒரு தரம் அமுக்கினால் மெத்தென்று, இன்னொரு தரம் அமுக்கினால் எல்லாமும். கண்டுபிடித்ததும் தனக்கும் வந்து சொல்ல வேண்டுமாம்.

டிசம்பர் 17

கீச்!! வந்துட்டியா, வா வா.

டிசம்பர் 18, புதன்

இன்றைக்கு எனக்கு வார விடுமுறை. வாத்தியாரைத் தொந்தரவு செய்யவில்லை. பொழுது விடிந்தும் விடியாமலும் மாடிக்குப் போய் நாத்தனாரை எழுப்பினேன். போர்வையோடேயே இறங்கி வந்தார்.

சமதரையில் வண்டி. கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். முன்சக்கரத்தை ஒருபக்கமாகத் திருப்பிவிட்டு, அதன் பக்கத்தில் மாவுச் சாக்கை விரித்துப் படுத்தேன். கையில் சோப்புத் தண்ணீர் அடைத்த பாட்டில். மூடியில் ஓட்டை போட்டிருந்தேன். நாத்தனாரின் வேலை வண்டியின் முன்பக்கத்தை அமுக்கி அமுக்கி விடுவது.

"இந்த உடம்பு இன்னைக்காவது ஒரு காரியத்துக்கு ஆகுதே" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் ஊன்றினார்.

'கீ...ர்ர்ச்!'

நான் பேசுவதற்குள் அவர் கையை எடுத்துவிட்டார். "அடியே... கேக்குதுடி."

"கேக்குதா அண்ணி?"

"என் பல்லு கூசுது. இதுக்கு மேல என்ன கேக்கணும்?"

எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டேன். என் மேலெல்லாம் மண். அவர் போர்வையெல்லாம் மண்.

சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே குறுக்காக ஒரு கம்பி போகிறது. அதை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கும் இடங்களில் பக்கத்துக்கு ஒரு ரப்பர். முதலில் வலது ரப்பரில் தண்ணீரைப் பீய்ச்சினேன். நாத்தனார் அமுக்கினார். கத்தியது. சாக்கை இடதுபக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த ரப்பரை நனைத்தேன். அமுக்கினார் — இல்லை! இன்னொரு தரம். இல்லை! துணியால் அழுத்தித் துடைத்துக் காயவைத்துப் பார்த்தோம். மறுபடி கத்தியது. நனைத்தோம். நின்றது. இரண்டு பேரும் விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளைகள் மாதிரி இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தோம்.

வாத்தியார் வாசலுக்கு வந்து, "ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?" என்றார். "உன் பொண்டாட்டி சொன்னது நிஜம்டா" என்றார் நாத்தனார். தம்பியை அவர் இந்தக் குரலில் அதட்டி நான் இதுவரை கேட்டதில்லை. ஒருவேளை தினமும் அதட்டிக்கொண்டுதான் இருந்தாரோ என்னவோ!

டிசம்பர் 19

மெக்கானிக் இரண்டு ரப்பரையும் மாற்றினார். அவர் அதை 'புஷ்' என்கிறார். பழைய ரப்பரை என் கையில் வைத்தார். விரலால் அழுத்தினால் அமுங்கவே இல்லை, காய்ந்த ரொட்டித் துண்டு மாதிரி இருந்தது. பழசாகி இறுகிப்போனதாம். குளிரில் இன்னும் கல்லாகிவிடுமாம். வெயில் பட்டால் இளகும், நனைந்தால் வழுக்கும், அதனால்தான் தன்னிடம் வந்தபோது பேசவில்லை என்றார். நாத்தனார் சமையல் எண்ணெய் விட்டுப் பார்க்கலாம் என்று சொன்னதைச் சொன்னேன். நல்லவேளை விடவில்லை, எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும் என்று சொல்லி, ரப்பருக்கென்றே இருக்கிற ஒரு பசையைத் தடவிப் பூட்டினார்.

வாத்தியார், "பரவாயில்லையே நீ" என்றார். ராத்திரிச் சாப்பாட்டை அவரே சமைத்தார். உப்பு கொஞ்சம் தூக்கல். இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 20

எழுதவே தயக்கமாக இருக்கிறது. இன்னும் ஒன்று கேட்கிறது.

அந்த 'கீ...ர்ர்' போய்விட்டது, சத்தியமாகப் போய்விட்டது. அதற்கு அடியில் மெல்லிசாக இன்னொன்று இருந்திருக்கிறது. நூல் மாதிரி. பேக்கரி வாசலில் வலப்பக்கம் ஒடித்து மேடேறும்போது மட்டும். அன்றைக்குக் கூத்தடித்த சந்தோஷத்தில் மிச்சம் ஒன்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

டிசம்பர் 21

சண்டை.

நாத்தனாருக்கும் கேட்கவில்லை இந்த நூல் சத்தம். காதை வைத்துப் பார்த்தார், பாவம், கேட்கவில்லை என்றார். வாத்தியார், "போதும். ரிப்பேர் பண்ணியாச்சு. இனிமே ஒவ்வொரு முனகலுக்கும் வண்டியைப் பிரிச்சா மகனைப் பார்க்கப் போற மாதிரிதான்" என்றார்.

எனக்குக் கேக்குதுங்க. பொய்யா சொல்றேன்? போன தடவையும் இதையேதானே சொன்னீங்க? மெஷின் மெஷின்னு சொல்லி என் காதையே மூடினீங்களே... இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா, மனசுக்குள் சொன்னேனா என்பதே இப்போது சரியாக நினைவில்லை. பாதி சொன்னேன். கதவைச் சாத்தினேன். கதவு அவ்வளவு சத்தம் போடும் என்று தெரியாது, நானே திடுக்கிட்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

கண்டுபிடிச்சாச்சு! நானே!

காதுக்கார அம்மா ஒருமுறை சொல்லியிருந்தார், எனக்குக் காற்று வழியாக வரும் சத்தம்தான் குறைவு, எலும்பு வழியாக நன்றாகவே கேட்கும் என்று. காலையில் மாவு உருட்டும் நீளக் கட்டையைக் கையில் எடுத்தபோது அது ஞாபகம் வந்தது. முதலாளியிடம் கட்டையைக் கேட்டேன். ரொட்டி சுடவா என்றார். காருக்கு என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டார்.

என்னோடு பேக்கரியில் வேலை செய்கிறவளை முன்பக்கத்தில் நின்று அமுக்கச் சொன்னேன். சாக்கில் படுத்து, மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். கட்டையின் ஒரு முனையை இரும்பில் வைத்து, மறு முனையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டேன். இடதுபக்கம் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தேன். வெறும் 'தொம் தொம்'. வலதுபக்கம் போனேன். மேலே, ஒன்றும் இல்லை. கீழே சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் நுனியில், குமிழ் மாதிரி ஒரு மூட்டு இருக்கிறது, அதில் வைத்தேன்.

மண்டைக்குள் கறகறவென்று கேட்டது. மணல் அரைபடுவது போல. கட்டையை எடுத்தால் இல்லை, வைத்தால் கறகற. ஊரே அமைதியாக இருக்க அது ஒன்று மட்டும் எனக்குக் கேட்டது.

வாத்தியாரிடம் போய், இது கடைசி, மெக்கானிக் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொன்னால் இனி வாயே திறக்க மாட்டேன் என்றேன். "சரி, நாளைக்குப் போவோம்" என்றார். நம்பி வருகிறாரா, சண்டைக்குப் பயந்து வருகிறாரா? எதுவானாலும் சரி.

டிசம்பர் 23

மெக்கானிக் ஜாக்கி போட்டு வலது சக்கரத்தைத் தூக்கினார். டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். சக்கரம் அப்படியே மேலும் கீழும் ஆடியது. அவர் முகம் மாறியது. மறுபடி நெம்பினார். பிறகு கழற்ற ஆரம்பித்தார்.

அந்தக் குமிழ் மூட்டுக்குப் பெயர் பால் ஜாயின்ட். அதை மூடியிருந்த ரப்பர் உறை பின்பக்கமாகக் கிழிந்திருந்தது, பார்வைக்குத் தெரியாத இடத்தில். தண்ணீர் உள்ளே போய், கிரீஸ் எல்லாம் கரைந்து, இரும்பும் இரும்பும் தேய்ந்திருக்கிறது. கையில் எடுத்ததும் துருத் தண்ணீர் பழுப்பாக ஒழுகியது. குமிழை இரண்டு விரலால் ஆட்டினேன். விழப்போகிற பால் பல் மாதிரி ஆடியது.

மெக்கானிக் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அக்கா, இதோட மலை ஏறியிருந்தா, ஏதாவது ஒரு வளைவுல கழண்டிருக்கும். சக்கரம் ஒரு பக்கம் மடிஞ்சா வண்டி கேக்காது. அன்னைக்கே நான் நெம்பிப் பார்த்திருக்கணும். பார்க்கல."

வாத்தியார் அந்தக் குமிழை வாங்கிப் பார்த்தார். எதிலும் கணக்குப் போட்டுப் பேசுகிற மனிதர், தானும் அதை இரண்டு விரலால் ஆட்டினார். பிறகு வெளியே போனார். எங்கே போனார் என்று எட்டிப் பார்த்தேன். சாலையோரம் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார்.

"எங்க வச்சு கேட்ட? காட்டு" என்றார்.

புதுசு பூட்டுவதற்கு முன் அவரையும் குனிய வைத்து இடத்தைக் காட்டினேன். நல்ல பேன்ட். முழங்காலில் கிரீஸ். அவருக்கு அது தெரியவே இல்லை.

டிசம்பர் 24

உறைபனி. எல்லா வேகத்தடையிலும் ஏறினேன். டயர் தரையில் உருளும் சத்தம் மட்டும்.

டிசம்பர் 26

காதுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பழைய குமிழையும் கொண்டுபோய்க் காட்டினேன். மேஜை மேல் வைத்துக்கொள்ளத் தரச் சொன்னார். தர மனசில்லை.

டிசம்பர் 28, சனி

மலை ஏறி இறங்கி வந்து சேர்ந்தோம். முதல் பாதி வழி அவர் ஓட்டினார், பிற்பாதி நான். பின்சீட்டில் நாத்தனார் குறட்டை. கடைசிப் பெரிய வளைவில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் ஆகாசம். அப்போது வாத்தியார் தன் கையை என் இருக்கையின் ஓரத்தில் வைத்துக்கொண்டார். வளைவு முடிந்தும் எடுக்கவில்லை.

மகன் விடுதி வாசலிலேயே நின்றிருந்தான். அவன் குரல் இப்படி உடைந்து கனத்துப்போனது எனக்குத் தெரியாது. யாரோ பெரிய ஆள் என்னை அம்மா என்று கூப்பிடுவது போல இருந்தது.

ஜனவரி 9, வியாழன்

சாயங்காலம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் போன் அடித்தது. எனக்கு வருகிற போன் எல்லாவற்றையும் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரே எடுத்து, அவரே பேசி முடிப்பார். நான் பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வைத்ததும் என்ன சொன்னார்கள் என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்பார்.

மெக்கானிக்தான் கூப்பிட்டிருக்கிறார். "அவ இருக்கா, இருங்க" என்று சொல்லிவிட்டு, வாத்தியார் வேறு ஒரு வார்த்தை பேசாமல் சமையலறைக்கு வந்து போனை நீட்டினார். என் கை ஈரம். தன் சட்டையிலேயே என் கையைத் துடைத்துவிட்டார்.

யாரோ ஒருவருடைய பள்ளிக்கூட வேன், காலைக் குளிரில் மட்டும் பின்பக்கம் அழுகிறதாம். மெக்கானிக் மூன்று தரம் பிரித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. நான் வந்து கேட்க முடியுமா என்றார். பின்பக்கத்தில் எங்கே, ஏறும்போதா இறங்கும்போதா, மழையில் எப்படி என்று எல்லாம் கேட்டேன். புதன்கிழமை காலையில் வருகிறேன், வண்டியை ராத்திரி வெளியிலேயே நிறுத்தி வையுங்கள் என்றேன். நீண்ட நேரம் பேசினோம்.

வைத்துவிட்டுத் திரும்பினால், வாத்தியார் வாசற்படியில் சாய்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொன்னார்?" என்றார்.

முதலிலிருந்து, ஒன்றுவிடாமல் சொன்னேன்.